ஊசியும் முகமும்

ஊசி மிகச் சிறிய பொருள். ஆயினும் அதன் துணையின்றி நம் வாழ்வு ஒரு நாளும் நகர்ந்ததில்லை. கிழிந்ததைத் தைக்கவும், மாலை கோக்கவும், காலில் ஏறிய முள்ளை அகற்றவும் அது வேண்டும். பிறந்த குழந்தையின் கையில் முதல் தடுப்பு மருந்தை இறக்குவதும் அதுவே. எனினும், ஒருவர் தம் வீட்டுக் கண்ணாடியின் முன் நின்று, தம் முகத்தில் தாமே நூற்றுக்கணக்கான ஊசிகளை உருட்டிக்கொள்வதா, வேண்டாவா என்று என்னிடம் ஒரு நாள் கேட்கப்படும் என்பதை நான் கனவிலும் கருதியதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுகிறேன். பெருக்கல் வாய்பாட்டையும் வேற்றுமை உருபுகளையும் பற்றிய ஐயங்களே எனக்குப் பழக்கமானவை.

செந்தூலில் எங்கள் வீட்டிற்கு ஒரு மாலைப்பொழுதில் ஒரு தாயும் மகளும் வந்திருந்தனர். தாய் என்னிடம் பயின்றவர். மகள் எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பதினேழு வயதுப் பெண். வந்து அமர்ந்த நேரம் முழுவதும் அவள் தலை நிமிரவில்லை; கன்னத்தை மறைக்கும்படி கூந்தலை முன்னே இழுத்து விட்டிருந்தாள். தாய்தான் பேசினார்.

“ஐயா, நீங்கள் நாலும் படித்தவர். இவள் முகத்தில் பரு வந்து வந்து குழி விழுந்து போயிற்று. இணைய அங்காடியில் ஏதோ ஊசிக் கருவி விற்கிறார்களாம். ஒன்று வாங்கியே தீருவேன் என்கிறாள். மூன்று வகை இருக்கிறதாம். எது நல்லது என்று நீங்களாவது பார்த்துச் சொல்லுங்கள்.”

கைப்பேசியை நீட்டினார். திரையில் மூன்று கருவிகள் வரிசையாய் நின்றன. முதலாவது, கைப்பிடியின் முனையில் முட்கள் பதித்த சிறு உருளை. டெர்மாரோலர் என்று அதற்குப் பெயர். இரண்டாவது, அலுவலக முத்திரையைப் போல் மேலிருந்து அழுத்தும் ஊசிக்கட்டை. மூன்றாவது, மின்விசையால் ஊசிகளை மேலும் கீழும் இயக்கும் பேனா. முதலிரண்டும் சில பத்து ரிங்கிட்டுக்குள் அடங்கின. ஒவ்வொன்றின் கீழும் ஊசியின் நீளம் மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருந்தது. 0.25, 0.5, 1.0, 1.5 என்று, காலணி வாங்குவாரைக் கேட்பதுபோல் அளவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது அந்தப் பக்கம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் நாவின் நுனியில் ஒரு சொற்பொழிவு ஆயத்தமாக நின்றது. அகத்தழகே அழகு, கல்வி தரும் அழகே அழகு என்னும் அந்தச் சொற்பொழிவைத் தமிழாசிரியர் எவரும் குறிப்பின்றியே அரைமணி நேரம் நிகழ்த்துவர். நானும் பரிசளிப்பு விழாக்களில் நிகழ்த்தியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெண் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ‘இவரும் அதையேதான் சொல்லப்போகிறார்’ என்னும் சலிப்பு அப்பார்வையில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அகத்தழகைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தழும்பில்லாத முகத்தினராகவே இருப்பதை நீங்கள் கவனித்ததுண்டா? பசித்தவனிடம் உண்ணாநோன்பின் சிறப்பை எடுத்துரைக்கும் உரிமை, உண்டு முடித்தவனுக்கு ஏது? முகம் பிறர் நம்மைப் படிக்கும் முதற்பக்கம். நேர்முகத் தேர்விலும் பெண் பார்க்கும் சடங்கிலும் அது முன்னே செல்கிறது. மதிப்பெண் சான்றிதழ் பின்னேதான் செல்கிறது. அதனால் எழும் துன்பத்தை அற்பம் என்று தள்ளுவது அறமாகாது.

ஆகவே, “எனக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்” என்றேன். ஆசிரியன் அறியாததை அறியேன் என்று ஒப்பி, படித்துவிட்டு வருவது இழுக்கன்று. அந்த வாரத்தில் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே சுருக்கிச் சொல்லுதல் வேண்டும். பொருளின் தன்மை தெரியாமல் அதன் நன்மை தீமையை ஆராய்வது காற்றில் கோடு கிழிப்பதாகும்.

இம்முறையின் பிறப்பே வியப்பானது. 1995இல் அமெரிக்காவின் ஓரன்ட்ரைக் என்னும் மருத்துவர்கள், குழிந்த தழும்பின் அடியில் ஊசியைச் செலுத்தி, கீழிருந்து இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை அறுத்துவிடும் முறையை விளக்கி எழுதினர். 1997இல் கனடாவின் காமிரான்ட், டூசே என்னும் இருவர் தற்செயலாக ஒன்றைக் கண்டனர். அறுவைத் தழும்புகளை மறைக்க, தோலின் நிறத்திலேயே அவற்றின்மேல் பச்சை குத்தி வந்தவர்கள் அவர்கள். காலப்போக்கில் மை மங்கிப்போனது. ஆனால் தழும்பு முன்னினும் மென்மையாகி, தோலின் இயல்பான நிறமும் திரும்பியிருந்தது. அப்படியானால் நன்மை செய்தது மையன்று, ஊசியே என்று உணர்ந்து, மையில்லா ஊசியால் குத்திப் பார்த்தனர். அதன்பின் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரைச் சேர்ந்த டெஸ்மண்ட் பெர்னாண்டஸ் என்னும் அறுவை மருத்துவர், ஊசிகள் பதித்த உருளையை அமைத்து அம்முறையை எளிதாக்கினார். இன்று இணைய அங்காடியில் விற்கும் உருளை அதன் தூரத்து வழித்தோன்றலே.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஊசி தோலைக் காயப்படுத்துகிறது. காயம் கண்ட உடல் குருதித் தட்டுகளை அங்கே அனுப்புகிறது. அவை வெளியிடும் பொருள்கள் தோலின் ஆழத்திலுள்ள உயிரணுக்களைத் தூண்டுகின்றன. அவ்வணுக்கள் கொலாஜன் என்னும் நார்ப்பொருளை மெல்ல மெல்ல நெய்கின்றன. குழி ஓரளவு மேடேறுகிறது. இது ஒரு நாளில் நடப்பதன்று. பல வாரங்கள் இடைவெளி விட்டுச் சிலமுறை செய்தபின், மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் பயன் தெரியும். வயலை உழுது போட்டால் அதுவாகவே விளைவது போன்றதன்று இது. காயத்தை ஆற்றும் ஆற்றல் உடலுக்கு உண்டு என்னும் நம்பிக்கையில், அறிந்தே அளந்து செய்யும் காயம் இது.

‘அளந்து’ என்னும் சொல்லில்தான் அனைத்தும் அடங்கியிருக்கிறது. முகத்தில் மேல்தோலின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. கொலாஜன் நெய்யும் உயிரணுக்கள் அதற்கும் கீழே உள்ளன. கால் மில்லிமீட்டர் ஊசியை உருட்டினால், தோல் இரப்பரைப்போல் உள்வாங்கிக்கொள்வதால் ஊசியின் முழு நீளமும் இறங்குவதில்லை. ஆகவே, வீட்டுப் பயன்பாட்டிற்கு என்று சொல்லப்படும் 0.2, 0.3 மில்லிமீட்டர்க் கருவிகள் பெரிதும் செய்வது, மேலே பூசும் களிம்பைச் சற்றே அதிகமாக உள்ளே விடுவதுதான். பருக்குழியை நிரப்பும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. குழியை நிரப்ப வேண்டுமானால் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் ஆழம் செல்ல வேண்டும். அங்கே குருதி கசியும், வலிக்கும். மரத்துப்போகும் களிம்பும், தூய அறையும், தேர்ந்த கையும் வேண்டும்.

இப்போது அந்தத் திரையை மீண்டும் பாருங்கள். அஞ்சாமல் வீட்டில் பயன்படுத்தத் தக்க கருவி அவள் விரும்பியதைச் செய்யாது; அவள் விரும்பியதைச் செய்யும் கருவியோ வீட்டில் பயன்படுத்தத் தக்கதன்று. உருளையா, முத்திரையா, பேனாவா என்று அங்காடி கேட்கும் கேள்விக்கு விடை தேடுபவர், இந்த முதல் உண்மையைக் காணாமலேயே கடந்துவிடுகிறார். ‘எதை?’ என்று கேட்டுவிட்டால் ‘ஏன்?’ என்பது மறைந்துபோகும். வணிகத்தின் பழைய தந்திரம் இது. மூன்று பொருள்களை முன்னே வைத்தால், நான்காவதாக ஒன்றும் வாங்காமல் எழுந்து செல்லும் வழியும் உண்டு என்பதை மனம் மறந்துவிடுகிறது. தேர்வுத்தாளில் நான்கு விடைகளுள் ஒன்றைக் கருமையாக்கிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்த மறதி இன்னும் எளிதில் வருகிறதோ என்று எனக்கு ஓர் ஐயம். அதில் நமக்கும் பங்குண்டு.

கருவிகளுக்குள் வேறுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உருளையின் ஊசி தோலில் சாய்வாக நுழைந்து சாய்வாகவே வெளியேறுகிறது. அழுத்தி இழுத்தால் குத்துவதோடு நில்லாமல் கீறியும் விடும். முத்திரையின் ஊசி நேராக இறங்கி நேராக எழுகிறது. பேனாவில் ஆழத்தை மாற்றலாம். ஊசிமுனையை ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடலாம். அதனாலேயே மருத்துவர்கள் அதை விரும்புகின்றனர். அதனாலேயே, பழகாத கையில் அது மிகவும் அஞ்சத்தக்கது. ஒரு திருகைத் திருப்பினால் கால் மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் ஆகிவிடும். மலிவான உருளைகளில் 540 ஊசிகள் என்று எழுதியிருப்பவற்றுள் பல, தனித்தனி ஊசிகளே அல்ல. மெல்லிய தகட்டைப் பல்லுப் பல்லாக வெட்டி அடுக்கியவை. சிலமுறை உருட்டியதும் முனை மழுங்கும். மழுங்கிய முனை துளைக்காது, கிழிக்கும். சாராயத்தில் ஊறவைத்துக் கழுவுவதால் கிருமிகள் பல சாகும். ஆயினும் அது மருத்துவமனையில் 121 பாகை நீராவியில் செய்யும் முழுத்தூய்மை ஆகாது. அக்காளும் தங்கையும் ஒரே உருளையைப் பகிர்ந்துகொள்வது ஒரே சீப்பைப் பகிர்வது போன்றதன்று. குருதிவழிப் பரவும் கல்லீரல் அழற்சிக் கிருமிக்கு அந்த ஒரு துளி போதும்.

பழுக்கும் பருவின்மேல் உருட்டினால் அதன் சீழை முகமெங்கும் விதைத்ததாகும். துளைத்த முகத்தில் கைக்கெட்டிய களிம்பைப் பூசுவது மற்றொரு கேடு. தோலின்மேல் இருப்பதற்கென்று செய்த களிம்பு வேறு, தோலுக்குள் செல்வதற்கென்று செய்த மருந்து வேறு. நுண்ணூசிக்குப்பின் உயிர்ச்சத்து சி கலந்த நீர்மத்தைப் பூசிக்கொண்ட பெண்களின் முகத்தில் கட்டிகள் எழுந்ததை 2014இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. நம் நாட்டிலோ, பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினோயினும் கலந்த முகக்களிம்புகளைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு ஆண்டுதோறும் கண்டுபிடித்து, பெயர் சொல்லி, விற்பனையைத் தடுத்து வருகிறது. மூடிய தோலின்மேலேயே சிறுநீரகத்தைத் தாக்கவல்ல பாதரசம், நூற்றுக்கணக்கான வாயில்களைத் திறந்துவிட்ட தோலில் என்ன செய்யும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தொழில்முறை நிலையம் என்றாலே அச்சமில்லை என்றும் கருதிவிடலாகாது. 2018இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமமின்றி நடந்த ஓர் அழகு நிலையத்தில், தம் குருதியின் கூற்றையே நுண்ணூசியால் முகத்தில் ஏற்றிக்கொண்ட பெண்களுள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது, அதன் ஆய்வை 2024இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது.

இவையெல்லாம் உடலைப் பற்றியவை. என்னை உறங்கவிடாது செய்தது வேறொன்று.

நம் முன்னோர் தோலில் ஊசி படாதவர் அல்லர். என் பாட்டியின் முன்கையில் கொடியும் புள்ளியுமாய்ப் பச்சை குத்தியிருந்தது, குறத்தி குத்தியது. என் காதைத் துளைத்தபோது நான் தாய்மாமன் மடியில் இருந்தேன். துளைத்தவர் நகைத்தொழில் அறிந்த ஆசாரி. மூத்தோர் பலரின் மேற்கையில் அம்மைப்பால் வைத்த வட்டத் தழும்பைக் காணலாம். இரண்டு கவராய்ப் பிரிந்த ஊசியால் ஒரே இடத்தில் பதினைந்து முறை குத்தி வைத்தது அது. அந்த ஊசி உலகெங்கும் சென்றதால்தான் பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவிக்க முடிந்தது. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் அலகு குத்தி ஏறுவோரை ஆண்டுதோறும் காண்கிறோம். அந்த வேலும் ஊசியும் நோன்பிருந்த உடலில்தான் இறங்குகின்றன. இறக்கும் கை, வழிவழியாய்ப் பழகிய கை. சுற்றிலும் உறவு நிற்கிறது.

இவ்வூசிகள் அனைத்தையும் நான் நல்லவை என்று சொல்லவில்லை. பச்சை குத்திய ஊசியை அந்நாளில் எவர் கொதிநீரிலிட்டார்? ஆனால் ஒரு பொதுத்தன்மை அவற்றில் உண்டு. ஊசி பிடித்த கை ஒருவருடையது, ஊசி ஏற்ற தோல் இன்னொருவருடையது. இடையில் ஒரு மூன்றாமவர், மாமனோ செவிலியோ குருவோ, நின்றார். “போதும்” என்று சொல்ல ஒருவர் இருந்தார்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோய் உடையவன், அதைப் போக்குபவன், அதற்குரிய மருந்து, உடனிருந்து பேணுபவன். மாணவர்க்கு இதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். நான்கையும் எண்ணிச் சொல்லச் சொல்லி மதிப்பெண்ணும் இட்டிருக்கிறேன். ஆனால் எதற்காக நான்கு என்பதை அந்த வாரத்தில்தான் நின்று எண்ணினேன். நால்வகையும் ஒன்றையொன்று தடுத்து நிறுத்தும் கட்டுப்பாடுகள். நோயாளியின் அவசரத்தை மருத்துவன் தடுக்கிறான். மருத்துவனின் மிகையை உடனிருப்பவன் கண்டு கேட்கிறான். மருந்து தன் அளவை மீறினால் உடலே சொல்கிறது. இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடியின் முன் நிற்கும் பதினேழு வயதுப் பெண்ணிடமோ, மூன்று கூறுகள் ஒருத்தியாகிவிடுகின்றன. அவளே நோயாளி, அவளே மருத்துவச்சி, அவளே செவிலி. நான்காவதான மருந்து, முகமறியா வணிகன் அஞ்சலில் அனுப்பிய பெட்டி. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் விரைவில் தீருமோ என்று அவள் எண்ணும்போது, “போதும் அம்மா” என்று சொல்ல அந்த அறையில் யாருமில்லை.

இதற்கு ஒரு தடை எழும். என் இளைய ஆசிரியர் ஒருவரே எழுப்பினார்: “அப்படியானால் இன்சுலின் ஊசி? செந்தூலில் வீட்டிற்கு ஒருவர் தமக்குத் தாமே குத்திக்கொள்கிறாரே!” நல்ல கேள்வி. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவின் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. என் துணைவியாரும் அவர்களுள் ஒருவர். தமக்குத் தாமே ஊசி இடுதல் தவறென்றால் அவர் நாள்தோறும் தவறு செய்பவராகிறார். ஆகவே, கை எவருடையது என்பது மட்டும் அளவுகோலாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் அந்த இன்சுலின் ஊசியைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். எத்தனை அலகு என்பதை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். எங்கே குத்துவது என்பதைச் செவிலியர் தொட்டுக் காட்டினார். மூன்று மாதத்திற்கொருமுறை குருதியைச் சோதித்து, சரிதானா என்று பார்க்கின்றனர். ஊசி மழுங்குமுன் எறியப்படுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, எது ‘போதும்’ என்பதற்கு ஓர் எண் உண்டு. சர்க்கரை அந்த எண்ணில் நின்றால் அளவை மேலும் கூட்ட வேண்டியதில்லை. என் துணைவியார் தனியே குத்திக்கொண்டாலும் அந்த மூவரும் அவருடன் அறையில் இருக்கின்றனர் என்பேன். முகத்திற்கு அப்படி ஓர் எண் ஏது? எவ்வளவு வழவழப்பானால் முகம் போதுமானதாகும்? கைப்பேசியின் ஒளிப்படக் கருவி தானே தழும்பைத் துடைத்து, நிறத்தை வெளுத்துக் காட்டும் முகத்தை அளவுகோலாகக் கொண்டால், அந்த அளவை எந்த ஊசியும் எட்டாது. முடிவில்லாத நோக்கத்திற்குக் கூரிய கருவியைக் கொடுப்பதே இதில் உள்ள தீமை என்று எனக்குப் படுகிறது.

நிறம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வெயிலைத் தோல் தாங்கும் திறத்தைக் கொண்டு தோலை வகைப்படுத்தும் முறையொன்றை 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்தார். தொடக்கத்தில் அது வெள்ளைத் தோலினர்க்கே வகுக்கப்பட்டது. மாநிறமும் கருநிறமும் பிறகுதான் சேர்க்கப்பட்டன. நம் தோல் பட்டியலில் பின்னால் வந்து சேர்ந்த தோல். ஒளிக்கதிர்ச் சிகிச்சையைவிட நுண்ணூசி நம் நிறத்தார்க்குத் தீங்கு குறைந்தது என்பது மெய்யே. ஆனால் மிகையாய்க் காயப்பட்டால் மாநிறத் தோல் தன்னைக் காத்துக்கொள்ள மேலும் கறுக்கும். அக்கரும்புள்ளிகள் பல மாதம் நிற்கும். தழும்பைப் போக்கப் புகுந்தவர் கறையைச் சேர்த்துக்கொண்டு திரும்புவதும் உண்டு. அதே 1975இல்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி என்னும் களிம்பும் விற்பனைக்கு வந்தது. 2020இல் அதன் பெயரிலிருந்த வெண்மை நீக்கப்பட்டது. பெயர் மாறியதுபோல் பார்வை மாறிற்றா?

இப்போது என் தவற்றைச் சொல்லும் நேரம். இதைச் சொல்லாமல் விட்டால், மேலே எழுதியதெல்லாம் வெறும் அறிவுரையாகிவிடும்.

1997இல் நான் இளைஞன். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கண்பார்வை குன்றிய பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துக, உயரமானவனைப் பின்னே அமர்த்துக என்றெல்லாம் அங்கே கற்றிருந்தேன். பள்ளியின் ஆண்டு விழாவில் மாணவியர் நடனம் ஒன்றைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சிறப்பு விருந்தினர் வருகிறார், நாளிதழில் படம் வரும் என்றனர். பயிற்சியில் மிக நன்றாக ஆடிய சிறுமி ஒருத்தி நடுவில், முன்வரிசையில் நின்றாள். பத்து வயது. சின்னம்மை வந்து போய்ச் சில மாதங்களே ஆகியிருந்ததால் முகமெங்கும் தழும்பு, நிறமும் கறுப்பு. விழாவிற்கு இரு நாள் முன்னர் நான் அவளைத் தோளைப் பிடித்துப் பின்வரிசையின் ஓரத்திற்கு நகர்த்தினேன். முகம் தெளிவாக இருந்த வேறொருத்தியை முன்னே நிறுத்தினேன். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. எவரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவுமில்லை. அது என் கையே.

செந்தூலில் என் வீட்டு நாற்காலியில் மகளோடு அமர்ந்திருந்தவர் அந்தச் சிறுமிதான்.

பெரியம்மையின் கொப்புளத்தை நம் மொழி ‘முத்து’ என்றது. அம்மை வந்தவளைத் தாய் வந்து அமர்ந்தவளாகக் கருதியது. அத்தாயையே முத்துமாரி என்று அழைத்தது. நோயின் காரணத்தை அறியாத காலம்தான் அது. அறியாமையைப் போற்றுவது என் நோக்கமன்று. ஆனால் வடு விழுந்த முகத்தைக் குறிக்க இழிசொல்லைத் தேடாமல் முத்து என்னும் சொல்லைத் தேர்ந்த அந்த மனத்திற்கும், ஒரு சொல்லும் சொல்லாமலே தோளைப் பிடித்து நகர்த்திய என் கைக்கும் உள்ள தொலைவை எண்ணிப் பார்க்கிறேன். நான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். அந்தச் சொல்லை அறியாதவனும் அல்லன்.

ஊசிக்கருவியின் நீளம் எத்தனை மில்லிமீட்டர் இருக்கலாம் என்று என்னிடம் ஆராயக் கொடுத்தார்களே, அந்த ஊசிக்கு முன்பே ஓர் ஊசி இறங்கியிருக்கிறது. அதன் ஆழத்தை எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை. அந்தத் தாய் தம் மகளின் பருக்களைக் கண்டு ஏன் அத்தனை அஞ்சினார் என்பதும், மகளுக்கு அவ்வச்சம் எப்படிக் கைமாறியது என்பதும் எனக்கு விளங்காமல் இல்லை. பருவை ஒரு நோயாக மட்டும் கண்டிருந்தால் மருத்துவரிடம் சென்றிருப்பார்கள். குற்றமாகக் கண்டதனால்தான் கதவைத் தாழிட்டுக்கொண்டு தீர்க்கும் கருவியைத் தேடினார்கள். ஒளித்துச் செய்ய வேண்டியதாக ஒரு துன்பத்தை ஆக்கிவிடும் சமூகமே, அத்துன்பத்தை மறைவிடத்தில் தீர்த்துத் தருவதாகச் சொல்லும் வணிகனுக்கு வாடிக்கையாளரை அனுப்பி வைக்கிறது. அதில் முதல் அனுப்புநருள் நானும் ஒருவன்.

ஒரு வாரம் கழித்து இருவரும் வந்தனர். நான் படித்தவற்றையெல்லாம் அந்தப் பெண்ணிடமே சொன்னேன். தாயிடம் சொல்லி அவள் கேட்கும்படி விடவில்லை. முகம் அவளுடையது. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் பருத்தழும்புக்கென்று ஒரு நுண்ணூசிப் பேனாவிற்கு 2018இல் முதன்முதலாக இசைவு தந்தபோதே, 22 வயது நிறைந்தவர்க்கு என்று வரையறுத்ததையும், அதுவும் பயிற்சி பெற்றவர் கையால் செய்வதற்கே என்பதையும் சொன்னேன். பதினேழு வயதில் பரு இன்னும் ஓயவில்லை. பெருக்கெடுக்கும் ஆற்றில் கரை கட்ட முடியாது, வெள்ளம் முதலில் வடிய வேண்டும் என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

“அப்போ இந்தத் தழும்பு போகவே போகாதா, ஐயா?”

“முழுதும் போகாது அம்மா. நல்ல மருத்துவர் செய்தால் குறையும். எவ்வளவு குறையும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.”

இந்த விடையால் அவள் முகம் வாடவில்லை. மாறாக, ஒருவர் தன்னிடம் பொய் சொல்லவில்லை என்னும் அமைதி அதில் தெரிந்ததாக எனக்குத் தோன்றியது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

அரசாங்க உடல்நல நிலையத்தில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம், அவர் கடிதம் தந்தால் மருத்துவமனையின் தோல் பிரிவிற்குச் செல்லலாம் என்று விளக்கினேன். காத்திருக்கும் நாள் நீளும். தனியார் நிலையத்தில் ஒருமுறைக்கே பல நூறு ரிங்கிட் ஆகும். ஏழைக்குக் காலமும் செல்வர்க்குப் பணமும் விலையாகக் கேட்கப்படும் இந்த ஏற்பாட்டில், இருபது முப்பது ரிங்கிட்டில் உடனே கிடைக்கும் உருளை ஏன் இத்தனை விற்கிறது என்பதை வியக்க ஒன்றுமில்லை. அதை வாங்கும் பிள்ளைகளை மூடர் என்று ஏசுவோரோடு நான் சேர மாட்டேன்.

எழுந்தபோது, தாயிடம் அந்த நடனத்தைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். மகளின் முன்னே கேட்க வேண்டும் என்று முன்னரே முடிவு செய்திருந்தேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நினைவு இருக்கு ஐயா. அந்தப் படம் பேப்பர்ல வந்தப்போ, நான் எங்கே இருக்கேன்னு எங்க அம்மா தேடித் தேடிப் பார்த்தாங்க” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகள் இப்போது மருத்துவர் கொடுத்த களிம்பைப் பூசி வருகிறாள். புதிய பருக்கள் குறைந்திருப்பதாகத் தாய் தொலைபேசியில் சொன்னார். குழிகள் அப்படியே இருக்கின்றன. பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். இருபத்திரண்டு வயதானபின் நுண்ணூசிச் சிகிச்சை வேண்டுமா என்று தானே முடிவு செய்வாளாம். அப்போது நான் ஓய்வு பெற்றிருப்பேன். என்னைக் கேட்கப்போவதில்லை என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.